ஊரில் இல்லாதவர்கள்

மேற்கு மாம்பலத்தில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் நிற்கிற எங்கள் ரோகிணி ஃப்ளாட்ஸில் பன்னிரண்டு வீடுகள். மார்கழி பிறந்தால் பன்னிரண்டு வீட்டுக்காரர்களுக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். குளிரைக் கண்டு அல்ல, சென்னைக் குளிர் இரண்டு நாள் போர்வையோடு முடிந்துபோகிற சமாசாரம். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும், தென்காசியிலிருந்தும் தேனியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கூடப் படித்தவன், கூட வேலை பார்த்தவன், கொண்டான் கொடுத்தான் என்று ஆளாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கடற்கரை பார்க்கணும், வண்டலூர் பார்க்கணும், மியூசியம் பார்க்கணும், தி.நகரில் நாலு துணி எடுக்கணும் என்று ரயிலேறி வந்துவிடுவார்கள். வந்தவர்கள் நம் கட்டிலில் படுத்து, நம் பக்கெட்டில் குளித்து, உங்க ஊர்க் காபியில் தண்ணி ஜாஸ்தி என்றும் சொல்லிவிட்டு ஒன்பதாம் நாள்தான் கிளம்புவார்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் தரைத்தளத்து நாகலிங்கம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில், கைலியோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனுஷன், போனில் கூப்பிட்ட சம்பந்தியிடம், நாங்க ஊர்ல இல்லையே, குருவாயூர் வந்திருக்கோமே என்று வாய் கூசாமல் சொன்னார். சொன்ன நிமிஷத்திலிருந்து அவர் ஊரில் இல்லை. சந்தேகப்பட்டு நேரிலேயே வந்து நின்ற சம்பந்தி, திறந்து கிடந்த வாசலில் ஒரு பூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனார். அவர் மூக்குக்கு நேரே நாகலிங்கம் கையில் பீன்ஸோடு நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேனுக்கும் பூட்டுதான் தெரிந்தது, பால்காரருக்கும் பூட்டுதான் தெரிந்தது, தெருவில் இறங்கி நடந்தால் எதிரே வந்தவர்கள் தூசிக்கு ஒதுங்குகிறாற்போல் ஒதுங்கிப் போனார்கள். பதினோராம் நாள் சம்பந்தி மறுபடி போன் போட்டு, எப்ப வந்தீங்க என்று கேட்டார். இப்பத்தான் வந்தோம் என்று நாகலிங்கம் சொன்னதும், வாசலில் போன கீரைக்காரம்மா, என்ன சார் ஆளையே காணோம் என்று கேட்டாள்.

வேறு இடமாக இருந்தால் சாமியாரைக் கூப்பிட்டிருப்பார்கள். நாங்கள் அசோசியேஷன் கூட்டம் போட்டோம். வீட்டுக்கு ஒருவர்தான் சொல்ல வேண்டும். 'நாங்க' என்று சொன்னால் குடும்பம் மொத்தத்துக்கும் சேரும். அரிசி பருப்பை முன்கூட்டியே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் இல்லாதவர் பேசினால் ஊரில் இருப்பவர்களுக்குக் கேட்காது, ஆனால் ஊரில் இல்லாதவர்கள் ஒருவரையொருவர் பார்க்கலாம், பேசலாம். அவர்கள் யாருக்கும் போன் போட முடியாது, அவர்களுக்கு யார் போட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் வரும். பொய்யைக் கேட்ட அந்த ஒரு விருந்தாளி கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும். அந்த விருந்தாளி வாயால் எப்ப வந்தீங்க என்று கேட்க வேண்டும், கேட்டால் திரும்பி வந்துவிடலாம். இந்தக் கடைசி விதியைப் பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் போய் வந்தவனைப் பார்த்து எப்ப வந்தீங்க என்று கேட்காதவன் நம் ஜனத்தில் கிடையாது.

எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. முப்பது வருஷம் சென்னையில் குப்பை கொட்டியும் நான் கலங்கரை விளக்கத்தில் ஏறியதில்லை, மியூசியத்துத் திமிங்கில எலும்பைப் பார்த்ததில்லை. ஊரில் இல்லாமல் போன பிறகுதான் ஊரைப் பார்த்தோம். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. ஆறு குடும்பம் ஏழு குடும்பமாகச் சேர்ந்து, புளியோதரை கட்டிக்கொண்டு, மாமல்லபுரத்துக் கல்யானை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சபாவில் பாகவதர் காலடிப் படியிலேயே உட்கார்ந்து கச்சேரி கேட்டோம், கேன்டீனில் தட்டோடு போளியை எடுத்துத் தின்றோம், பரிமாறுகிறவர் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று தலையைச் சொறிந்ததைப் பார்த்துச் சிரித்தோம். சென்னைக்கு வராதே என்று யாரைத் துரத்தினோமோ அவர்கள் பார்க்க ஆசைப்பட்டதையெல்லாம் நாங்கள் பார்த்தோம்.

அடையாளம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. நிஜமாகவே ஊருக்குப் போனவர் வீட்டுப் பூட்டு மார்கழிக் காலையில் தொட்டால் சில்லென்று இருக்கும். இருந்துகொண்டே இல்லாதவர் வீட்டுப் பூட்டு, காய்ச்சல்காரன் நெற்றிபோல் வெதுவெதுவென்று இருக்கும். எங்கள் ஃப்ளாட்ஸ்காரர்களைத் தவிர இது யாருக்கும் தெரியாது.

நான் தபால் இலாகாவில் ரிட்டயர் ஆனவன், பெயர் சிதம்பரநாதன். மனைவி மங்கை, ஒரே மகள் நித்திலா. மூன்றாம் மாடியில் எனக்கு எதிர்வீடு சந்திரமதியுடையது. அவள் புருஷன் கஜேந்திரன், மகள் அபிராமி. சந்திரமதிக்குப் பூரணவல்லி என்று ஒரு சிநேகிதி சாத்தூரில் இருந்தாள். இரண்டு பேரும் ஆசிரியர் பயிற்சி விடுதியில் ஒரே பாயில் படுத்தவர்கள். பூரணம் டீச்சராகவே இருந்துவிட்டாள், சின்ன வயதிலேயே தாலியை இழந்தவள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளினாள். வருஷம் தவறாமல் அரையாண்டு விடுமுறைக்குக் காராச்சேவு டின்னைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு வந்துவிடுவாள். வந்தால் சும்மா இருக்க மாட்டாள், எதிர்வீட்டு எங்களுக்கும் சேர்த்து மாவு அரைப்பாள், பரணைத் துடைப்பாள். கிளம்புகிற அன்று சந்திரமதி அவள் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போலாம்ல பூரணம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும் கதவைச் சாத்தி, அப்பாடா என்பாள். அந்த அப்பாடா எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

நான் சொல்லவந்த வருஷம் அபிராமிக்கு ஈரோட்டிலிருந்து ஒரு வரன் கூடி வந்தது. ஜனவரி ஒன்றாம் தேதி பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். கஜேந்திரன் கறாராகச் சொல்லிவிட்டார், பெரிய இடம், அன்றைக்கு வீட்டில் சேவு டின்னும் ஊர்க்காரப் பிள்ளைகளின் ஈரத் துண்டும் கிடக்கக் கூடாது என்று. சந்திரமதி கணக்காகத்தான் யோசித்தாள். இருபத்திரண்டாம் தேதி பூரணம் போன் போட்டபோது, நாங்க ஊர்ல இல்லடி, தர்மஸ்தலா வந்திருக்கோம் என்றாள். பூரணம் கோயில் என்றால் சும்மா விட மாட்டாள், மூன்றாம் நாளே தரிசனம் நல்லபடி ஆச்சா, எப்ப வந்தீங்க என்று கேட்டுவிடுவாள், கேட்டதும் திரும்பிவிடலாம், வீட்டை ஒட்டடை அடிக்க ஆறேழு நாள் மிச்சம் இருக்கும். அதே நாள் நானும் திருவண்ணாமலை மச்சானிடம் பொய் சொல்லி ஊரில் இல்லாமல் போனேன்.

மூன்றாம் நாள் போன் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. இருபத்தொன்பதாம் தேதி, மனசைத் தேற்றிக்கொள்வதற்காக என்று எல்லாருமாக வண்டலூருக்குப் போனோம். வெள்ளைப் புலிக் கூண்டுக்கு முன்னால் கூட்டத்தில், இரண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பூரணம் நின்றாள்.

டிக்கெட் எடுத்தாயிற்று, பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று என்று எழும்பூர் பக்கம் லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள் என்பது அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. முதலில் திகைத்த சந்திரமதி, அப்புறம் பூரணத்தின் பையில் எட்டிப் பார்த்த சேவு டின்னைக் கண்டதும் சிரித்தாள். கஜேந்திரன் பூரணத்தின் பின்னாலேயே அவளைப்போல் தோளைச் சாய்த்து நடந்து காட்டினார். அபிராமி சிரித்தாள், நான் சிரித்தேன், மங்கையும் நித்திலாவும் சிரித்தார்கள், புலிக்கு மட்டும் எங்களைத் தெரிந்ததோ என்னவோ, காதை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அப்போது சின்னப் பிள்ளை, சந்திரா அத்தைக்குப் போன் போடலாமா என்று அம்மாவைக் கேட்டது.

"வேணாம்டா," என்றாள் பூரணம். "நம்ம மெட்ராஸ் வந்துட்டு லாட்ஜுல கெடக்கோம்னு தெரிஞ்சா அத்த சங்கடப்படுவா. ஊருக்குப் போயி பொங்கலுக்குப் பேசிக்கிடுவோம்."

சந்திரமதியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பொங்கலுக்கு இன்னும் பதினைந்து நாளுக்கு மேல் இருந்தது, ஈரோட்டுக்காரர்கள் வர மூன்றே நாள். அவள் பூரணத்தின் முகத்துக்கு முன்னால் போய் நின்று, பூரணம், பூரணம் என்று கத்தினாள். பூரணம் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டு நீர்யானை பார்க்கப் போனாள். சந்திரமதி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டாள், ஏனென்றால் என் மச்சான் வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பேசுகிற ஆள், மறுநாள் நான் திரும்பிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, அந்த லாட்ஜுக்குப் போய் அவள ஒரு போன் போட வைங்க. சந்திராவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க, என்ன பொய் வேணாலும் சொல்லுங்க. நாங்க இங்கதான் இருக்கோம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மறுநாள் காலை மச்சான் கேட்டான், நான் வந்தேன். எதிர்வாசலில் பூட்டு தொங்கியது. அதற்குப் பின்னால் இருந்துகொண்டு மூன்று பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததால் சட்டையை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் பொய்யைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஆனால் என் மகளுக்கும் இருபத்தேழு வயது. பதினோரு பேர் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள், ஒருத்தர் வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை, மங்கை சாமி அறையில் அழுவது பழக்கமாகிவிட்டிருந்தது. திட்டம் போட்டுக்கொண்டு போனேன் என்று சொல்ல மாட்டேன். போடவே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

பூரணம் ஜன்னல் கம்பியில் பிள்ளைகளின் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க அண்ணாச்சி என்று முகமெல்லாம் சிரிப்பாக நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காகிதத்தில் சேவு வைத்துக் கொடுத்தாள். நான் சேவைத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டைச் சொன்னேன், கேட்க வேண்டிய வார்த்தையைச் சொன்னேன், அது அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்றும் சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்ததும் புலிக் கூண்டுக்கு முன்னால் அவள் பிள்ளையிடம் பேசியதை அப்படியே ஒப்பித்தேன். அவள் துணியை உதறுவதை நிறுத்தினாள்.

"அப்ப சந்திரா அங்கன நின்னாளா?"

"நின்னாங்க."

"சிரிச்சாளா?"

சிரிச்சாங்க என்றேன். அதற்குப் பிறகு அழுதாள் என்பதைச் சொல்லவில்லை. பூரணம் அதைக் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை அவள் தனியாக எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். பனி இன்னும் விலகவில்லை, படிக்கட்டுக் கைப்பிடியெல்லாம் ஜில்லென்று ஈரமாக இருந்தது. அவள் எதிர்வீட்டுப் பூட்டை உள்ளங்கையில் வைத்து, வெகுநேரம் எடுக்காமல் வைத்திருந்தாள். அப்புறம் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். மணி எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சும் எனக்குக் கேட்கவில்லை. பூரணம் கதவையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"சந்திராவா? பூரணம் பேசுதேன். தரிசனமெல்லாம் நல்லா ஆச்சா?"

நெடுநேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது, துடைக்கவே இல்லை. அந்த நிமிஷம் அவள் கேட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன், கேட்டுவிடக் கூடாதே என்றும் நினைத்தேன், அது எதனால் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"அழுவாதட்டீ," என்றாள் பூரணம். "ஒரு அவசரமும் இல்ல. இன்னும் நாலு நாள் இருந்துட்டு நிதானமா வாங்க."

போனை வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு சுங்குடிச் சேலையை எடுத்தாள், அரக்கு நிறம், அபிராமிக்கென்று வாங்கி வந்தது. இத உங்க மககிட்டக் குடுத்துருங்க அண்ணாச்சி என்று என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அன்று முழுக்க மங்கை வீட்டுக்கு ஒட்டடை அடித்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு ஈரோட்டுக்காரர்கள் ஐந்து பேர் பூவும் பழமுமாக ஏறி வந்து, பூட்டைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றார்கள். அவங்க தர்மஸ்தலா போயிருக்காங்களே என்று நான் கதவைத் திறந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, ஏனுங்க, நாள் குறிச்சுக் குடுத்துப்போட்டு இப்படியா போவாங்க என்று முகம் சிவக்க, எதுக்கு வாசல்ல நிக்கிறீங்க, ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்க என்றேன். காபியை நித்திலா கொண்டுவந்தாள். அரக்குச் சேலை அவளுக்கு எடுப்பாக இருந்தது, அதை நானே சொல்லக் கூடாது, மாப்பிள்ளையின் அம்மாவே சொன்னாள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது மேசையில் இருந்த பூத்தட்டு தானாகக் கீழே விழுந்தது. காற்று என்று சொல்லி மங்கை பொறுக்கி வைத்தாள். அபிராமி அந்த அறையில் எந்த மூலையில் நின்றாள் என்று நான் யோசிக்கவே இல்லை, எதிரே இருந்த மனுஷர்களைப் பார்த்துச் சிரிப்பதிலேயே குறியாக இருந்தேன். தை பிறந்ததும் நிச்சயம், மாசியில் கல்யாணம். பூரணம் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனாள்.

அதற்கு இப்போது ஏழு வருஷம் ஆகிறது. எதிர்வீட்டுப் பூட்டு இன்னும் வெதுவெதுவென்றுதான் இருக்கிறது. அவர்கள் மூன்று பேரும் கல்யாண மண்டபங்களில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு டிக்கெட்டும் இல்லாமல் ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு, எங்கேயோ எங்களுக்கு நடுவில்தான் இருக்கிறார்கள். பூரணம் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர்களுக்குப் போன் போட்டு இன்னும் நாலு நாள் இருந்துட்டு வாங்க என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்கிறாள். அதன் பிறகு ரோகிணி ஃப்ளாட்ஸில் யாரும் ஊரில் இல்லை என்று சொல்வது கிடையாது. திருந்திவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ஊரில் இல்லாமல் போனால் சந்திரமதியை நேருக்கு நேர் பார்க்க வேண்டிவரும், அந்தப் பயம்தான். அதனால் பன்னிரண்டில் பதினோரு வீட்டிலும் மார்கழி முழுக்க விருந்தாளிகள் நிரம்பி வழிகிறார்கள், விருந்தோம்பல் என்றால் ரோகிணி ஃப்ளாட்ஸ் என்று மாம்பலம் முழுக்கப் பேர் வாங்கிவிட்டோம். விடியற்காலையில் கோலம் போட்டு விரல் விறைத்துப்போன பெண்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து அந்தப் பூட்டைப் பொத்திப் பிடித்துக் கைக்குச் சூடேற்றிக்கொள்கிறார்கள். பூரணம் இப்போது என் வீட்டில்தான் தங்குகிறாள். அவளும் குளித்துவிட்டு வந்ததும் முதலில் போய் அங்கே கையை வைப்பாள்.

இந்த வருஷம் எனக்கு ஆசை வந்தது. விருந்தாளிகளைச் சமாளித்து அலுத்துவிட்டது, நாமே ஒருமுறை விருந்தாளியாகப் போனால் என்ன என்று, அரையாண்டு விடுமுறைக்கு ஈரோடு வருகிறோம், பவானி கூடுதுறை பார்க்கணும், கொடிவேரி பார்க்கணும், பேத்தி மகிழினியோடு பத்து நாள் இருக்கணும் என்று நித்திலாவுக்குப் போன் போட்டேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது. அவள் மாமியார் எதையோ கேட்பதும், அவள் போனைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வதும் கேட்டது.

"நாங்க ஊர்ல இல்லப்பா. கொடைக்கானல் வந்திருக்கோம்."

நான் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. காலை ஏழு மணிக்கு ஈரோட்டில் இறங்கி, பேத்திக்கு வாங்கிய கம்பளிச் சட்டையும் பலகாரப் பையுமாக அவர்கள் வாசலில் போய் நின்றோம். பூட்டு தொங்கியது. அதைத் தொடாமல் திரும்பிவிடலாம் என்று மங்கை சொன்னாள். நான் தொட்டேன். என் மச்சான் என் வாசலில் எத்தனை வருஷம் இப்படி நின்றிருப்பான், நான் எத்தனை வருஷம் உள்ளேயிருந்து அவனை வேடிக்கை பார்த்திருப்பேன், அதெல்லாம் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. என் பெண் என் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு நான் போகக் காத்திருக்கிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. அவள் சிரித்தாளா என்று பார்த்துச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

இன்று பொங்கல். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆயிற்று, மகிழினியைக் காணோம் என்று டீச்சர் தேடுவதாகவும், மாப்பிள்ளையின் ஆபீஸில் ஆளை மாற்றிவிட்டதாகவும் ஈரோட்டில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மங்கை தினமும் காலையில் போனைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, கேட்டுடுங்களேன், நம்ம குழந்தைங்க என்று அழுகிறாள். நான் தினமும் கூப்பிடுகிறேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுகிறார்கள். முதல் சில நாள் நித்திலா பேசினாள், பிறகு மாப்பிள்ளை பேசினார். இன்று பேத்தியைப் பேச விட்டார்கள்.

"தாத்தா, எப்ப வந்தீங்கன்னு கேளு தாத்தா. அம்மா கேக்கச் சொல்லுது."

மங்கை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டு, கொடைக்கானலில் குளிர் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டேன்.